எரர் வரவில்லை என்றால் சரியாக இருக்கிறது என்று அர்த்தமில்லை

"சார், ஸ்டோர்ல போட்ட என்ட்ரி எதுவும் எனக்குத் தெரியல. ஆனா எரர் எதுவும் வரல." பீன்யாவில் உள்ள ஒரு லேத் பட்டறையின் கணக்காளர் போன வாரம் போனில் சொன்னது. பெங்களூரில் இதே புகாரைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

நடந்தது இதுதான். ஒருநாள் காலை கரண்ட் போய் சர்வர் எழும்பவில்லை. அவருடைய மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் ஃப்ரண்ட் எண்டில் (ஃபார்ம்கள் இருக்கும் ஃபைல்) தானாக டேபிள்களை லிங்க் செய்யும் கோடு இருந்தது. சர்வரில் பேக் எண்ட் (டேட்டா இருக்கும் ஃபைல்) கிடைக்காததால், சி டிரைவில் யாரோ விட்டுப்போன அதன் பழைய நகலை அது பிடித்துக்கொண்டது. சர்வர் வந்த பிறகும் அங்கிருந்து நகரவில்லை. பல நாள் பில்கள் அந்த நகலுக்குள் போய்விட்டன. இப்போது இரண்டு ஃபைலிலும் ஒரே ஆட்டோநம்பரில் (ஆக்சஸ் தானாகப் போடும் எண்) வெவ்வேறு பில்கள். இதைப் பிரித்துச் சேர்ப்பது எவ்வளவு கொடுமை என்று செய்தவர்களுக்குத்தான் தெரியும்.

"ஃபார்ம் திறக்குது, டேட்டா வருது, அப்புறம் என்ன?" என்று கேட்கிறார்கள். தயவுசெய்து இந்த நினைப்பை விடுங்கள். ஃப்ரண்ட் எண்டில் தெரியும் டேபிளில் உங்கள் டேட்டா இல்லை. டேட்டா எந்த ஃபைலில் இருக்கிறது என்ற முகவரிதான் அதன் கனெக்ட் ப்ராப்பர்ட்டியில் இருக்கிறது. லிங்கைப் புதுப்பிக்கும் ரெஃப்ரெஷ்லிங்க் கட்டளை அந்த முகவரிக்குப் போய், அந்தப் பெயரில் ஒரு டேபிள் இருந்தால் திருப்தியாகத் திரும்பிவிடும். அது போன வருட நகலா, சோதனைக்கு வைத்ததா, நிஜமா என்று பார்க்காது. நகலிலும் அதே டேபிள்கள்தானே இருக்கின்றன? எல்லா லிங்கும் வெற்றி. ஃபைல் மட்டும் தப்பு.

அதனால் கோடு எழுதுபவர்களே, தேடிப் பிடிக்கும் புத்திசாலித்தனம் வேண்டாம். அனுமதித்த முகவரி ஒன்று, அதுவும் சர்வர் பெயரில் தொடங்கும் முழு நெட்வொர்க் பாத். இசட் டிரைவ் என்று எழுதாதீர்கள்; அடுத்த மேஜைக் கணினியில் இசட் வேறெங்கோ போகும். அந்த பாத் கிடைக்காவிட்டால் தெளிவாகச் சொல்லிவிட்டு அப்ளிகேஷனை மூடுங்கள். 3024 (ஃபைல் கிடைக்கவில்லை), 3044 (பாத் சரியில்லை) எரர்களை மறைக்காதீர்கள், பயனரைக் காப்பாற்றுவதே அவைதான்.

பேக் எண்டுக்குள் 'நிஜம்', 'சோதனை' என்று ஒரு அடையாள ரெக்கார்டு வைப்பது நல்லது. ஆனால் நகல் எடுத்தால் அதுவும் கூடவே போகும், எனவே பாத்தை ஒப்பிடாமல் அதை மட்டும் நம்ப வேண்டாம். டேபிள்களை ஒவ்வொன்றாக லிங்க் செய்யும் லூப் பாதியில் நின்றால் சில டேபிள்கள் பழைய ஃபைலிலும் சில புதியதிலும் நிற்கும். இதைவிட மோசமான நிலை கிடையாது. முடிந்ததும் ஒவ்வொரு லிங்கையும் மறுபடி சரிபாருங்கள். ஓடிபிசி லிங்குகளை (எஸ்க்யூஎல் சர்வர் போன்ற வேறு டேட்டாபேஸுக்குப் போகும் லிங்குகள்) இந்த லூப்பில் தொடாதீர்கள். பேக் எண்டுக்குப் பாஸ்வேர்ட் இருந்தால் கனெக்டில் அதுவும் வேண்டும். இணைந்திருக்கும் பாத்தை முதல் ஸ்கிரீனிலேயே காட்டிவிடுங்கள்.

அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு: ஆளுக்கொரு ஃப்ரண்ட் எண்ட் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றையே எல்லோரும் திறந்தால் ஒருவர் மாற்றிய லிங்க் எல்லோரையும் இழுத்துப் போகும். பேக்கப் நகலை ஜிப் செய்து வையுங்கள், அப்போது ஆக்சஸால் அதில் லிங்க் ஆக முடியாது.

ஏற்கெனவே டேட்டா இரண்டாகப் பிரிந்திருக்கிறது என்று சந்தேகம் வந்தால் உடனே என்ட்ரியை நிறுத்துங்கள். எல்லோரையும் வெளியே வரச் சொல்லி, இரண்டு ஃபைலையும் தனித்தனியாக நகலெடுங்கள். "பழசுதானே" என்று எதையும் அழித்துவிடாதீர்கள். உங்கள் பில்கள் அதில்தான் இருக்கலாம்.