ஐந்து வாரம் தொங்கிய சிவப்பு டேக்

போன வாரம் ஒரு பிளாஸ்டிக் மெஷினில் இன்னொரு ஸ்க்ரூ உடைந்தது. இந்த ஆண்டு நான் போய்ப் பார்த்ததில் இது மூன்றாவது. மூன்றுமே உடைந்திருக்க வேண்டியதில்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

பாலிகார்பனேட் பிளாஸ்டிக் ஓடும் இன்ஜெக்‌ஷன் மோல்டிங் மெஷின் அது. பேரல் என்ற சூடான குழாய்க்குள் ஸ்க்ரூ சுழன்று, உருகிய பிளாஸ்டிக்கை மோல்டு என்ற அச்சுக்குள் தள்ளும். விடுமுறை முடிந்து காலையில் ஹீட்டரைப் போட்டிருக்கிறார்கள். பேரலின் எல்லா வெப்ப மண்டலங்களும் செட் செய்த வெப்பநிலைக்கு வந்துவிட்டதாகத் திரை காட்டியது. அதற்குப் பிறகும் அரை மணி நேரம் காத்திருந்துதான் ஆபரேட்டர் ஸ்க்ரூவைச் சுழற்றினார். அவர் மேல் ஒரு தவறும் இல்லை. ஸ்க்ரூ ஒரு சுற்றுகூட முழுதாகச் சுற்றவில்லை, அதற்குள் உடைந்தது. கழற்றிப் பார்த்தபோது பேரலின் நடுப்பகுதியில் பிளாஸ்டிக் உருகாமல் கல்லாக இறுகி நின்றது. அந்த மண்டலத்தில் பேரலைச் சுற்றி மூன்று ஹீட்டர் பேண்டுகள், அதாவது சூடேற்றும் பட்டைகள். ஒன்று எரிந்துபோயிருந்தது. வெப்பநிலையை அளக்கும் தெர்மோகப்பிள் இருந்ததோ நன்றாக வேலை செய்த பேண்டின் பக்கத்தில். தான் இருக்கும் இடத்தின் சூட்டை அது சரியாகத்தான் சொன்னது.

மெஷின் ஓடிக்கொண்டிருந்த நாட்களில் இது வெளியே தெரியவில்லை. ஸ்க்ரூ சுற்றும்போது பிளாஸ்டிக் உராய்ந்து தானே சூடாகும். அந்தச் சூடு, செத்த பேண்டின் குறையை மூடிவிட்டது. சுழற்சி கடினமாகி அடிக்கடி அலாரம் வந்திருக்கிறது. யாரோ அலாரத்தின் வரம்பை உயர்த்திவிட்டுப் போயிருக்கிறார்கள்.

என்னைத் தூங்கவிடாதது இதில் எதுவும் இல்லை. மெஷினின் பக்கத்தில் ஒரு டி.பி.எம். (மொத்த உற்பத்திப் பராமரிப்பு) பலகை இருந்தது. அதில் குறையை எழுதி மாட்டும் ஒரு சிவப்பு டேக்: ‘3-ஆவது மண்டலம் சூடேற நேரம் எடுக்கிறது.’ இரவு ஷிஃப்ட் ஆபரேட்டர் எழுதியது. தேதியைப் பார்த்தேன். ஐந்து வாரம் ஆகியிருந்தது. மெஷின் மட்டும் பளபளவென்று இருந்தது. புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தார்கள்.

பராமரிப்பில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருக்கிறேன். எந்தத் தொழிற்சாலைக்குப் போனாலும் முதலில் காதில் விழுவது, ‘நாங்கள் டி.பி.எம். செய்கிறோம், வாரா வாரம் மெஷினைச் சுத்தம் செய்கிறோம்’ என்பதுதான். தயவுசெய்து கேளுங்கள். துடைப்பது டி.பி.எம். அல்ல. மெஷினைத் துடைக்கச் சொல்வது, அதன் ஒவ்வொரு மூலைக்கும் கையும் கண்ணும் போக வேண்டும் என்பதற்காக. துணியோடு போகிற கைக்கு போல்ட் தளர்ந்திருப்பது தெரியும், ஹோஸில் விரிசல் தட்டுப்படும், மோட்டார் வழக்கத்தைவிடச் சுடுவது தெரியும். இவற்றைக் கண்டுபிடிக்கத்தான் துணி. ஒரு மணி நேரம் துடைத்தும் ஒரு குறைகூட எழுதப்படவில்லை என்றால், அங்கே பராமரிப்பு நடக்கவில்லை. பல ஆண்டுகள் ஓடிய மெஷினை முதன்முறையாக முழுதாகத் திறந்து சுத்தம் செய்தால் குறைகள் டஜன் கணக்கில் வரும், வர வேண்டும். பத்துக்குள் முடிந்தால் திரும்பப் பார்க்கச் சொல்வேன்.

இன்னும் விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஒன்றைத்தான் எல்லோரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். மோல்டை மூடித் திறக்கும் டாகிள் பகுதியில் கிரீஸ் கருத்திருக்கிறது. துடைக்கிறோம். துடைப்பதற்கு முன் அந்தக் கிரீஸை விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தோமா? மினுமினுவென்று உலோகப் பொடி இருந்தால் புஷ் தேய்கிறது, அல்லது அந்த முனைக்குக் கிரீஸ் போய்ச் சேரவில்லை. பம்ப் ஓடுகிறது என்பதற்காக எல்லா முனைக்கும் கிரீஸ் போகிறது என்று ஆகாது. ஹைட்ராலிக் டேங்கின் கண்ணாடியில் ஆயில் பால்போல வெளுத்திருக்கிறது. கண்ணாடியைத் துடைத்துவிட்டால் ஆயிற்றா? கூலரில் எங்கோ கசிந்து தண்ணீர் ஆயிலுக்குள் வருகிறது என்று அர்த்தம். மெஷினுக்கு அடியில் தினமும் எண்ணெய் தேங்குகிறது, தினமும் மரத்தூள் போட்டு அள்ளுகிறார்கள். எந்த சீலிலிருந்து வருகிறது என்று ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை. பேரலின் முனையான நாசில் பக்கம் உருகிய பிளாஸ்டிக் வழிந்து ஹீட்டர் பேண்டையே மூடிவிடுகிறது. அதைச் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி ஓட்டுகிறார்கள். நாசில் முனையும் மோல்டின் நுழைவாயிலான ஸ்ப்ரூ புஷ்ஷும் ஒன்றோடொன்று சரியாக உட்காராததால்தான் வழிகிறது. அதைச் சரிசெய்யாமல் சுரண்டிக்கொண்டே இருந்தால் ஒருநாள் ஒயரும் சேர்ந்து எரியும்.

ஜப்பானியர் ஜிஷு ஹோசென் என்று சொல்லும் ஆபரேட்டர் பராமரிப்பில் ஏழு படிகள் உண்டு. முதல் படிதான் சுத்தம். இரண்டாவது படியே, அழுக்கு எங்கிருந்து வருகிறதோ அந்த இடத்தை அடைப்பது. நம்மில் பெரும்பாலோர் முதல் படியிலேயே ஆண்டுக்கணக்கில் நிற்கிறோம். அதைத் தினமும் செய்வதையே வெற்றி என்று எண்ணிக்கொள்கிறோம்.

ஜப்பானியர் செய்ச்சி நாகாஜிமா டி.பி.எம். முறைக்கு வடிவம் கொடுத்தபோது, ‘மொத்த’ என்ற சொல்லுக்கு முக்கியமான ஒரு பொருள் இருந்தது: நிர்வாகியிலிருந்து மெஷின் முன் நிற்பவர் வரை எல்லோரும். டொயோட்டா குழுமத்தின் நிப்பான்டென்சோ நிறுவனம் 1971-இல் இதற்கான விருதைப் பெற்றது, மெயின்டனன்ஸ் துறை மட்டும் உழைத்து அல்ல. டி.பி.எம். முறையின் எட்டுத் தூண்கள், அவற்றின் பெயர்கள் எல்லாம் எங்கும் கிடைக்கும். அவற்றைப் பலகையில் எழுதி மாட்டுவதற்கு முன் ஒரு டேக்குக்குப் பதில் சொல்லப் பழகுங்கள்.

அடுத்தது ஓ.இ.இ. கணக்கு, அதாவது மெஷினின் மொத்தத் திறன் எத்தனை சதவீதம் என்ற கணக்கு. இதில் நடக்கும் ஏமாற்று எனக்குக் கோபத்தையே வரவைக்கிறது. ஒரு ஷிஃப்டில் ஓட வேண்டிய நேரம் 450 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். மோல்டு மாற்ற 50 நிமிடம், பிரேக்டவுன் 40 நிமிடம் போக 360 நிமிடம் ஓடியது. அதாவது 80 சதவீதம். மோல்டு புதிதாக வந்தபோது சைக்கிள், அதாவது ஒரு முறை பாகம் எடுக்க (ஒரு ஷாட்) ஆகும் நேரம், 30 விநாடி. அப்படியானால் 720 ஷாட் வந்திருக்க வேண்டும், வந்தது 600. வேகம் 83.3 சதவீதம். அதில் 30 ஷாட் ரிஜெக்ட், ஆகத் தரம் 95 சதவீதம். மூன்றையும் பெருக்கினால் 63 சதவீதம் வரும். இதுதான் உண்மை. ஆனால் ‘இப்போது இந்த மோல்டு 36 விநாடியில்தான் ஓடும்’ என்று அந்த 36-ஐயே அளவுகோலாக்கினால் வேகம் 100 சதவீதம் ஆகிவிடும், ஓ.இ.இ. 76 சதவீதத்துக்கு ஏறிவிடும். கூடுதலாக ஒரு பாகம்கூடத் தயாரிக்காமல் 13 சதவீதப் புள்ளி முன்னேற்றம்! நாகாஜிமா சொன்ன 85 சதவீதத்தை எட்ட வேண்டும் என்ற அவசரத்தில் இப்படிச் செய்கிறார்கள். எண் குறைவாக இருப்பது அவமானம் இல்லை. எதை இழக்கிறோம் என்று காட்டத்தான் அந்த எண் இருக்கிறது.

அந்த 6 விநாடி எங்கே போனது? பிளாஸ்டிக் தொழிலில் இதைத்தான் தோண்டிப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் மோல்டின் கூலிங் வழிகளுக்குள் போயிருக்கும். சைக்கிளில் மிகப் பெரிய பங்கு பாகம் ஆறுவதற்கான நேரம்தான். கூலிங் வழியில் உப்புப் படிந்தால் வெப்பம் தண்ணீருக்குப் போகாது. பாகம் வளையும், ஆபரேட்டர் கூலிங் நேரத்தை ஒரு விநாடி கூட்டுவார். சில மாதம் கழித்து இன்னொரு விநாடி. எதுவும் உடையவில்லை, எந்த அலாரமும் அடிக்கவில்லை, ஆனால் சைக்கிள் ஐந்தில் ஒரு பங்கு நீண்டுவிட்டது. மோல்டு புதிதாக இருக்கும்போதே ஒவ்வொரு வழியிலும் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் ஓடுகிறது என்று அளந்து எழுதி வையுங்கள். ஒவ்வொரு முறை மோல்டு இறங்கும்போதும் அதோடு ஒப்பிடுங்கள். மெஷினுக்குச் செக்லிஸ்ட் போடுபவர்கள் மோல்டை மறந்துவிடுகிறார்கள். பொருளுக்கு வடிவம் கொடுப்பதே மோல்டு. காற்று வெளியேறும் வென்ட் அடைத்தால் பாகத்தின் ஓரம் கருகும். பி.வி.சி. ஓட்டிய மோல்டை அப்படியே ரேக்கில் வைத்தால் அமிலப் புகை பட்டுத் துருப்பிடிக்கும். மோல்டின் குழியான கேவிட்டிக்குள் ஸ்டீல் ஸ்க்ரூடிரைவரை விடாதீர்கள், பித்தளைக் கம்பி எதற்காக இருக்கிறது?

பிளாஸ்டிக்கை உலர்த்தும் டிரையரும் இதேபோல் மறக்கப்படுவதுதான். பாலிகார்பனேட்டை 120 டிகிரியில் மூன்று, நான்கு மணி நேரம் உலர்த்தி, ஈரத்தை 0.02 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர வேண்டும். ஃபில்டர் தூசியால் அடைத்திருந்தால் டிரையர் 120 என்று காட்டும், காற்று போதாது. ஈரமான பிளாஸ்டிக் பேரலுக்குள் சிதைந்துவிடும். பாகத்தில் வெள்ளிக் கோடு வந்தாலாவது கண்ணுக்குத் தெரியும். சில சமயம் கோடே வராமல் பலம் மட்டும் போய்விடும், வாங்கியவர் கையில்தான் உடையும். ஷிஃப்டுக்கு ஒரு முறை ஃபில்டரைத் தட்ட இரண்டு நிமிடம் ஆகுமா?

ஹைட்ராலிக் ஆயில் 40 முதல் 50 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். விட்டுவிடுகிறேன்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகவே சொல்வேன். சுத்தம் செய்கிறோம் என்று சேஃப்டி கதவின் லிமிட் ஸ்விட்சைக் கட்டிவைத்துவிட்டு மோல்டுக்கு நடுவில் கையை விடாதீர்கள். மெயின் ஸ்விட்சை அணைத்து, பூட்டுப் போட்டு, சாவியை உங்கள் பையில் வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். அழுத்தத்தைச் சேமிக்கும் அக்குமுலேட்டர் உள்ள மெஷினில் பவர் போனாலும் அழுத்தம் இருக்கும், அதை வெளியேற்றிய பிறகே தொடுங்கள். பேரலில் மிஞ்சிய பிளாஸ்டிக்கை வெளியே தள்ளி பர்ஜ் செய்யும்போது நாசிலுக்கு எதிரே யாரும் நிற்கக் கூடாது. அசிட்டால் பிளாஸ்டிக்கும் பி.வி.சி.யும் ஒரே பேரலில் கலக்கவே கூடாது. ஒன்று மற்றதைச் சிதைத்து, மூச்சு முட்டும் வாயுவைக் கிளப்பும், அழுத்தம் பேரலிலிருந்து வெடித்து வெளியேறும். இதில் ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்பதற்கு இடமே இல்லை.

சரி, எங்கே தொடங்குவது? எல்லா மெஷினிலும் ஒரே நாளில் தொடங்காதீர்கள். அதிகம் தொல்லை தரும் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் சுத்தத்துக்கு மேனேஜரும் துணியோடு வரட்டும். மெஷினின் அடிப்பகுதி எப்படி இருக்கிறது என்று அவர் பார்த்தே ஆக வேண்டும். ஆபரேட்டருக்கு ஷிஃப்டில் பத்து நிமிடத்தை உற்பத்தித் திட்டத்துக்குள்ளேயே ஒதுக்குங்கள். அவருடைய சாப்பாட்டு இடைவேளையிலிருந்து அதை எடுக்காதீர்கள். எடுத்தால் இரண்டாம் வாரமே பார்க்காமல் டிக் அடிப்பார், அதற்காக அவரைக் குறை சொல்லவும் முடியாது. எதை ஆபரேட்டர் செய்யலாம், எதற்கு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும் என்று தெளிவாகப் பிரித்து எழுதுங்கள்.

மெயின்டனன்ஸில் இருக்கும் என் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. ‘ஆபரேட்டருக்கு என்ன தெரியும்’ என்பதை விடுங்கள். நாம் மெஷினைப் பார்ப்பது அது நின்ற பிறகு. அவர் எட்டு மணி நேரம் அதன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நிற்கிறார். அந்த டேக்கை எழுதியவரிடம் நான் பேசினேன். ‘முன்பெல்லாம் நாற்பது நிமிடத்தில் சூடாகும் சார், இப்போது ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. எழுதி மாட்டினேன். யாரும் வந்து கேட்கவில்லை. அதற்கப்புறம் நான் எதையும் எழுதவில்லை’ என்றார். கிளாம்ப் மீட்டர் வைத்து மூன்று பேண்டும் எத்தனை ஆம்பியர் இழுக்கின்றன என்று பார்க்க எலக்ட்ரீஷியனுக்கு ஐந்து நிமிடம் போதும்.

ஆகவே, நாளை காலை உங்கள் தளத்தில் இருக்கும் டேக்குகளிலேயே பழையதை எடுங்கள். எழுதியவரைத் தேடிப் போய், அவரையும் கூட்டிக்கொண்டு அந்த மெஷினுக்குப் போங்கள். அன்றே சரிசெய்ய முடியாவிட்டால், என்ன பாகம் வேண்டும், எந்தத் தேதியில் வரும் என்று அதே டேக்கில் அவர் கண்முன்னே எழுதி, உங்கள் கையெழுத்தைப் போடுங்கள்.