வீட்டுக் குப்பையை ஆவியில் வேகவைத்தால்

ஆஸ்பத்திரிக் கழிவை நீராவியில் சுத்தம் செய்வது என் வேலை என்று சொன்னால், கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் அடுத்த கேள்வி தயாராக இருக்கும்: "அப்போ வீட்டுக் குப்பையும் அதுலயே போட்டுறலாங்களே?"

போடலாம். பெரிய உருளையில் குப்பையை அடைத்து மூடி, உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சிவிட்டு, சுமார் 150 டிகிரி ஆவியைச் செலுத்தி ஒரு மணி நேரம் போல உருட்டுவார்கள். குப்பை எரிவதில்லை. (பாய்லருக்கு மூட்டும் தீ தனிக் கணக்கு.) காகிதம், அட்டை, மிச்சச் சோறு எல்லாம் வெந்து நார்க்கூழாகிவிடும். டப்பா, பாட்டில்களின் லேபிள் கழன்றுவிடும். பெட் பாட்டில் சுருங்கும். கேரி பை உருண்டு திரளும். வெளியே எடுத்துச் சலித்தால் நார் தனியாக விழும், இரும்பைக் காந்தம் இழுத்துக்கொள்ளும். நாரைக் காயவைத்து எரிபொருள் கட்டியாக்கலாம், சுத்தமாக இருந்தால் நார்ப்பலகை செய்யவும் ஆகும்.

ஆனால் நம் வீட்டுக் குப்பையில் பாதிக்கு மேல் சமையல் கழிவு, அதிலும் பெரும்பகுதி தண்ணீர். அந்தத் தண்ணீரைச் சூடாக்கவே எரிபொருள் தீரும். அப்புறம் நாரைக் காயவைக்க வேண்டும், நாற்றமடிக்கும் கழிவுநீரைச் சுத்திகரிக்க வேண்டும். தென்னை மூட்டில் குழி வெட்ட இடமிருக்கும் எங்கள் சித்தூர் தாலுகா (பாலக்காடு) வீட்டிலிருந்து காய்கறித் தோலை ஆவிக்கு அனுப்புவது வீண்செலவு என்பேன். தேங்காய் மட்டையோ போனது போலவே திரும்பி வரும்.

ஆவி சரிப்படுவது மிச்சத்துக்குத்தான். எச்சில் பட்ட பார்சல் டப்பா, எண்ணெய் ஊறிய காகிதம் போன்று, வீடு வீடாக வந்து பிளாஸ்டிக் முதலானவற்றை வாங்கிப்போகும் ஹரிதகர்ம சேனை எடுக்காதவற்றுக்கு. எல்லாம் கலந்து போனால் வாங்க ஆள் கிடைப்பது கஷ்டம். வாங்க ஆளில்லாத குப்பைதான் ராத்திரி லாரியில் எல்லை தாண்டுகிறது. 2024 டிசம்பரில் திருநெல்வேலி மாவட்டத்தில் கொட்டிக் கிடந்த கேரள மருத்துவக் கழிவை, பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்ட பிறகு திரும்ப அள்ளிப்போனார்கள்.

ஆவிக்கு அனுப்பும் பையை இறுக்கி முடிச்சுப் போட்டால் உள்ளே காற்று மாட்டிக்கொள்ளும், ஆவி புகாது, அங்கே கிருமி சாகாது. எங்கள் ஆலையில் 121 டிகிரியில் 60 நிமிடம் வைத்தாலும் இதே கதைதான். ட்யூப்லைட்டில் பாதரசம் உண்டு. உடைந்து சூடேறினால் மொத்த நாரும் கெட்டது. பேட்டரியும் பழைய மாத்திரையும் கூடவே கூடாது.

இன்சுலின் ஊசியைத் தடித்த பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடி, மேலே 'ஊசி' என்று எழுதித் தனியாகக் கொடுங்கள். மலையாளத்திலும் எழுதுங்கள், எடுக்க வருபவர்களில் பலருக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது.