ஊகித்துத் திருத்தும் இயந்திரம்: சர்க்யூட் சிமுலேட்டர் கணக்கிடும் விதம்

5 வோல்ட் மின்மூலத்துடன் 1 கிலோ ஓம் ரெசிஸ்டரையும் ஒரு சிலிக்கான் டையோடையும் தொடராக இணைத்தால் எவ்வளவு மின்னோட்டம் பாயும் என்று கேட்டால், டையோடுக்கு 0.7 வோல்ட் போக மீதி 4.3 வோல்ட், ஆகவே 4.3 மில்லியாம்பியர் என்று எலெக்ட்ரானிக்ஸ் பழகியவர் மனக்கணக்காகவே சொல்லிவிடுவார். சர்க்யூட்டைக் கணினியிலேயே ஓட்டிப் பார்க்க உதவும் மென்பொருளான சர்க்யூட் சிமுலேட்டரும் ஏறத்தாழ இதே விடையைத்தான் தரும், ஆனால் 0.7 வோல்ட் என்ற வசதியான எண் அதற்குத் தெரியாது. டையோடின் மீதான மின்னழுத்தம் கூடக்கூட மின்னோட்டம் அடுக்குக்குறி விதிப்படி பெருகும் என்ற ஒரு சமன்பாடு மட்டுமே அதனிடம் இருக்கிறது. அந்தச் சமன்பாட்டிலிருந்து அது விடைக்கு வந்து சேரும் வழியை அறிந்தவருக்கு, அதன் விடையை எங்கே நம்பலாம், எங்கே நம்பக் கூடாது என்பதும் பெருமளவு விளங்கிவிடும்.

எல்டிஸ்பைஸ், என்ஜிஸ்பைஸ் போன்று இன்று இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள்களின் மூதாதை ஸ்பைஸ் என்னும் நிரல். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில், டொனால்ட் பெடர்சனின் வழிகாட்டுதலில் லாரன்ஸ் நேகல் உருவாக்கிய இந்த நிரல் 1973இல் வெளியானது. சில்லுக்குள் பதிந்துவிட்ட டிரான்சிஸ்டரைப் பிடுங்கி வேறொன்றை மாட்ட முடியாது என்பதால், சில்லு வடிவமைப்பாளர்களுக்கு இத்தகைய கருவி கட்டாயத் தேவையாக இருந்தது. பாகங்களைச் செருகிச் சோதிக்கும் துளைப் பலகையான பிரெட்போர்டில் நினைத்தபோது பிடுங்கி மாட்டக்கூடிய நமக்கு, அவர்களுடைய கட்டாயம் ஒரு சௌகரியமாக வந்து சேர்ந்திருக்கிறது.

சிமுலேட்டர் நாம் வரையும் படத்தைப் படமாகப் பார்ப்பதில்லை. எந்தெந்தப் பாகம் எந்தெந்தச் சந்திகளுக்கு (பாகங்கள் இணையும் புள்ளிகளுக்கு) இடையே இருக்கிறது என்ற பட்டியலாக அதை மாற்றிக்கொண்டு, ஒவ்வொரு சந்திக்கும் கிர்க்காஃபின் மின்னோட்ட விதிப்படி ஒரு சமன்பாட்டை எழுதுகிறது. அதாவது, சந்திக்குள் வரும் மின்னோட்டமும் வெளியேறும் மின்னோட்டமும் சமம். இச்சமன்பாடுகள் அனைத்தும் சேர்ந்து ஓர் அணியாகின்றன (மேட்ரிக்ஸ்). மின்னழுத்தம் என்பது எப்போதும் இரு புள்ளிகளுக்கு இடையிலான வேறுபாடு ஆகையால், ஏதேனும் ஒரு சந்தியைச் சுழியம் என்று நிலைநிறுத்தியாக வேண்டும்; அதுவே தரை. தரை இணைப்பை வரைய மறந்தவர்களுக்கு வரும் புரியாத பிழைச்செய்தியின் பொருள் இதுதான்: கிடைத்திருப்பது பூச்சியக்கோவை அணி, அதற்குத் தனித்த தீர்வு கிடையாது.

ரெசிஸ்டர்கள் மட்டும் இருந்தால் அணியை ஒரே முறை தீர்த்து முடித்துவிடலாம். டையோடு வந்தவுடன் அது முடியாது; அங்கே நியூட்டன்–ராப்சன் முறை நுழைகிறது. டையோடின் மீது இவ்வளவு மின்னழுத்தம் என்று ஓர் ஊகத்தைச் சிமுலேட்டர் எடுத்துக்கொண்டு, டையோடின் மின்னழுத்தத்துக்கும் மின்னோட்டத்துக்குமான வளைகோட்டுக்கு அந்தப் புள்ளியில் ஒரு தொடுகோடு வரைந்து, வளைகோட்டுக்குப் பதிலாக அந்த நேர்கோட்டையே டையோடாகக் கருதி அணியைத் தீர்க்கிறது. கிடைக்கும் விடையே அடுத்த ஊகம். அடுத்தடுத்த இரண்டு விடைகளின் வேறுபாடு ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் அடங்கும்போது அது நிறைவடைகிறது.

நமது டையோடில் இது எவ்வளவு ஆபத்தான விளையாட்டு என்பதைப் பாருங்கள். முதல் ஊகம் 0 வோல்ட் என்றால், அங்கே தொடுகோடு கிட்டத்தட்டக் கிடையாகப் படுத்திருக்கிறது. ஆகவே டையோடு மின்னோட்டத்தையே விடாது என்று முடிவு கட்டி, 5 வோல்ட் முழுவதும் அதன் மீதே விழுகிறது என அடுத்த ஊகம் வருகிறது. டையோடின் பூரித மின்னோட்டம் (அதன் சமன்பாட்டில் அடுக்குக்குறியைப் பெருக்கும் மிகச்சிறு மாறிலி) 10 ஃபெம்டோஆம்பியர் என்று கொண்டால், 5 வோல்ட்டில் அதன் சமன்பாடு சொல்லும் மின்னோட்டம் 1-க்குப் பின் 70 சுழியங்கள் கொண்ட எண்ணிக்கையிலான ஆம்பியர். அங்கிருந்து ஒவ்வொரு சுற்றிலும் ஊகம் ஏறத்தாழ 26 மில்லிவோல்ட் மட்டுமே இறங்குவதால், உண்மையான விடையை எட்ட 160க்கும் மேற்பட்ட சுற்றுகள் தேவைப்படும். ஸ்பைஸ் வழக்கமாக அனுமதிப்பதோ 100 சுற்றுகள். இதனால்தான் டையோடு, டிரான்சிஸ்டர் ஆகியவற்றின் ஊகம் ஒரே தாவலில் வெகுதூரம் போய்விடாதபடி சிமுலேட்டருக்குள் கடிவாளம் போட்டிருக்கிறார்கள். அந்தக் கடிவாளத்தின் தயவில் சில சுற்றுகளிலேயே 0.69 வோல்ட், 4.31 மில்லியாம்பியர் என்ற விடை வந்துவிடுகிறது. சிக்கலான சர்க்யூட்டில் கடிவாளத்தையும் மீறி ஊகங்கள் அலைபாயும்போது, விடை குவியவில்லை என்று மென்பொருள் கைவிரிக்கும்.

காலத்தோடு மாறும் சர்க்யூட்டில், காலத்தை அது சிறு படிகளாக வெட்டி, ஒவ்வொரு படியிலும் மேற்சொன்ன வேலை முழுவதையும் மீண்டும் செய்கிறது. மிக எளிய கணக்கீட்டு முறையில், ஒரு படிக்குள் மின்தேக்கி என்பது ஒரு ரெசிஸ்டரும் ஒரு மின்னோட்ட மூலமும் சேர்ந்ததுதான்: 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கி, 1 மில்லிவினாடிப் படியில் 100 ஓம் ரெசிஸ்டராகிவிடுகிறது. அலை வேகமாக மாறும் இடத்தில் படிகள் குறுகும், அமைதியான இடத்தில் நீளும்.

இரண்டு டிரான்சிஸ்டர்களைக் கொண்டு எல்இடிகளை மாறிமாறி எரியவைக்கும் சர்க்யூட், புதிதாகப் பழகுபவர்கள் பெரும்பாலும் முதலில் செய்வது. 47 கிலோ ஓம், 10 மைக்ரோஃபாரட் என்ற மதிப்புகளுக்கு அது சுமார் 0.65 வினாடிக்கு ஒருமுறை சுழல வேண்டும். சிமுலேட்டரிலோ பல வேளைகளில் இரண்டு எல்இடிகளும் சேர்ந்து எரிந்துகொண்டு அசையாமல் நிற்கும். படத்தில் பிழை தேடுவது வீண். சிமுலேட்டர் முதலில் மின்தேக்கிகளை விலக்கிவிட்டு நிலையான ஒரு தீர்வைக் கண்டுபிடித்து, அங்கிருந்தே காலத்தைத் தொடங்குகிறது. இரண்டு பக்கமும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருப்பதால், எந்தப் பக்கம் முந்துவது என்பதற்கு அங்கே காரணமே இல்லை. மேசையில் இருக்கும் இரண்டு டிரான்சிஸ்டர்கள் ஒருபோதும் அப்படி ஒத்திருப்பதில்லை, மின்னழுத்தமும் சுழியத்திலிருந்துதான் ஏறுகிறது. ஒரு மின்தேக்கிக்குத் தொடக்க மின்னழுத்தம் கொடுத்தாலோ, ஒரு ரெசிஸ்டரின் மதிப்பைச் சற்றே மாற்றி மின்மூலத்தைச் சுழியத்திலிருந்து ஏறவிட்டாலோ சர்க்யூட் சுழலத் தொடங்கும்.

ரிலே என்னும் மின்காந்த சுவிட்சின் சுருளை அணைக்கும் டிரான்சிஸ்டரில் பிழை எதிர்த்திசையில் வருகிறது. பிசி547 டிரான்சிஸ்டர் கலெக்டருக்கும் எமிட்டருக்கும் இடையே தாங்குவது 45 வோல்ட். சுருளுக்குக் குறுக்கே டையோடு போடாமல் அணைத்தால், திரையில் மின்னழுத்தம் பல நூறு வோல்ட்டுக்கு எகிறும்; மறுகணமே டிரான்சிஸ்டர் ஒன்றும் நடவாததுபோல் வேலையைத் தொடரும். ஸ்பைஸின் வழக்கமான டிரான்சிஸ்டர் மாதிரியில் முறிவு மின்னழுத்தம் என்ற சங்கதியே கிடையாது, வெப்பத்தால் கருகுவதும் கிடையாது. ரெசிஸ்டர் இல்லாத எல்இடி கூட அங்கே கவலையின்றி ஆம்பியர் கணக்கில் எரியும். எனவே ஒவ்வொரு பாகத்தின் உச்ச மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் அளந்து, தரவுத்தாளுடன் ஒப்பிடும் வேலை நம்முடையது.

எழுத்துப் பிழை ஒன்றையும் சொல்ல வேண்டும், ஏனெனில் இதில் சிக்காதவர் குறைவு. ஸ்பைஸ் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்று வேறுபாடு பார்ப்பதில்லை. எண்ணுக்குப் பின் ‘எம்’ (M) என்று எழுதினால் அது எப்போதும் மில்லி. 1 மெகா ஓம் என்று நினைத்து அப்படி எழுதியவருக்குக் கிடைப்பது 1 மில்லி ஓம், அதாவது நேர்க்கம்பி. மெகாவுக்கு ‘மெக்’ (MEG) என்று முழுதாக எழுத வேண்டும்.

படத்தில் இல்லாதவற்றை நாமேதான் சேர்க்க வேண்டும். 9 வோல்ட் பேட்டரியின் உள்மின்தடை, பிரெட்போர்டின் அடுத்தடுத்த வரிசைகளுக்கு இடையே ஒளிந்திருக்கும் சில பிக்கோஃபாரட், மின்னழுத்தம் ஏறும்போது கொள்ளளவை இழக்கும் செராமிக் மின்தேக்கி ஆகியவற்றை நாம் எழுதாத வரை சிமுலேட்டர் அறியாது. மோட்டார் ஓடத் தொடங்கியதும் மைக்ரோகன்ட்ரோலர் மறுதொடக்கம் ஆகிறது, திரையில் மட்டும் எல்லாம் சரியாக இருக்கிறது என்றால், பேட்டரியின் மின்னழுத்தத்தைச் சுமையுடனும் சுமையின்றியும் அளந்து, அந்த வேறுபாட்டைச் சுமை மின்னோட்டத்தால் வகுத்துக் கிடைக்கும் ஓம் மதிப்பை மின்மூலத்துடன் தொடராகச் சேர்த்து, மோட்டாரின் தொடக்க மின்னோட்டத்தையும் கொடுத்து மீண்டும் ஓட்டிப் பார்க்கலாம். கோளாறு பேட்டரியில்தான் என்றால், திரையிலும் அதே பள்ளம் விழும்.