தொழில் தொடங்கும் எண்ணம் எங்கே முளைக்கிறது?

படிப்பு முடிந்ததும் சொந்தத் தொழில்தான் என்று ஒரு மாணவி உறுதியாக இருக்கிறாள். அதே வகுப்பில், அதே மதிப்பெண் வாங்கும் அவள் தோழிக்கு அந்த நினைப்பே வருவதில்லை. பிறவிக் குணம் என்று சொல்லிவிடலாம். ஆராய்ச்சியாளர்களும் நெடுநாள் துணிச்சல், சாதிக்கும் வேட்கை என்று குணங்களைத்தான் அளந்து பார்த்தார்கள். ஆனால் அதை வைத்து யார் தொழில் தொடங்குவார்கள் என்று கணிப்பது கைகூடவில்லை.

உளவியலாளர் ஐசெக் ஐசென் 1991-இல் விரித்து எழுதிய ‘திட்டமிட்ட நடத்தைக் கோட்பாடு’ வேறு வழி காட்டியது. மூன்று கேள்விகளுக்கு மனம் சொல்லும் பதிலிலிருந்து எண்ணம் பிறக்கிறது: இது எனக்குப் பிடிக்கிறதா? எனக்கு வேண்டியவர்கள் என்ன நினைப்பார்கள்? என்னால் முடியுமா?

வீட்டார் என்ன நினைப்பார்கள் என்பதுதான் பெரிய தடை என்று நமக்குத் தோன்றும். ஆனால் மாணவர்களிடம் நடந்த பல ஆய்வுகளில் இந்த இரண்டாவது கேள்வியின் நேரடிப் பங்கு குறைவாகவே இருந்தது. வீட்டின் செல்வாக்கு மற்ற இரண்டின் வழியாக உள்ளே வருகிறது என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. கணக்கு எழுதும் அம்மாவைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்குத் தொழில் என்பது புரியாத மாயமாக இருக்காது.

மற்ற இரண்டில் மூன்றாவது கேள்வியைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். ‘என்னால் முடியும்’ என்ற நம்பிக்கைக்கு உளவியலாளர் ஆல்பர்ட் பாண்டூரா நான்கு ஊற்றுகளைச் சொன்னார். தானே செய்து வென்ற அனுபவம், தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் தரும் ஊக்கம், பதற்றமோ தெம்போ உடலில் உணர்வது. இவற்றில் முதலாவதுக்கே வலு அதிகம் என்றார் அவர்.

அப்படியானால் தொழில்முனைவுப் பாடம் வைத்தால் எண்ணம் வளர வேண்டும், இல்லையா? லண்டனிலும் பிரான்சின் கிரெனோபிள் நகரிலும் அறிவியல், பொறியியல் மாணவர்களிடம் நடந்து 2007-இல் வெளியான ஆய்வில் வளரத்தான் செய்தது. அதற்குப் பாட அறிவைவிட, வகுப்பில் கிடைத்த உந்துதலே காரணமாக இருந்தது.

2010-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு ஒன்று நேர்மாறு. அங்கே கல்லூரி மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து ஒரு சிறு நிறுவனத்தை நிஜமாகவே நடத்தினார்கள். பங்கு விற்று முதல் திரட்டி, பொருள் தயாரித்து விற்றார்கள். அப்புறம் கேட்டபோது, தொழில் தொடங்கும் எண்ணம் குறைந்திருந்தது!

பாடம் தோற்றது என்று பலர் இதைப் படிக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தொழில் எப்படி இருக்கும் என்று முன்பு கற்பனையில் பார்த்தவர்கள், இப்போது கையால் தொட்டுப் பார்த்திருக்கிறார்கள். அதற்குப் பிறகும் ஒரு மாணவி ‘தொடங்குவேன்’ என்றால், அந்தச் சொல்லுக்கு முன்பிருந்ததைவிட எடை கூடுதல். வேண்டாம் என்று முடிவெடுத்தவளும் கடன் எதுவும் வாங்காமலே அதைத் தெரிந்துகொண்டாள்.