புட்டியைப் பிடுங்காதீர்கள்

போன ஜூலையில் ஒரு விடிகாலை. பன்னிரண்டு வயதிருக்கும் ஒரு பையனை அவன் கூட்டாளிகள் இருவர் மாற்றி மாற்றி முதுகில் சுமந்துகொண்டு எங்கள் மையத்துக்கு வந்தார்கள். கால்கள் துவண்டு கிடந்தன, தலையைக்கூட நிமிர்த்த முடியவில்லை. சட்டைக்குள் ஒரு பிளாஸ்டிக் புட்டி, அதன் அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு மஞ்சள் பசை. செருப்பு ஒட்டுகிற பசைதான், போதைக்காக முகர்வது. அதிலிருக்கும் டொலுயீன் என்ற ரசாயனம் சிறுநீரகத்தைக் கெடுத்து, உடம்பின் பொட்டாசியத்தைச் சிறுநீரோடு வெளியேற்றிவிடும். ரத்தத்தில் 3.5க்குக் குறையக் கூடாத அளவு அவனுக்கு 1.9 இருந்தது. கைகால் விழுந்தது அதனால்தான். அதற்கும் கீழே போயிருந்தால் இதயமே நின்றிருக்கலாம். ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் கிடந்து எழுந்து நடந்தான்.

நான் செவிலியர். கென்யாவின் தலைநகர் நைரோபியில் ஒரு துறவற சபை தெருப் பிள்ளைகளுக்காக நடத்தும் மையத்தில் மருந்தறையைப் பார்த்துக்கொள்கிறேன். ஊர்க்காரர்கள் இந்தப் பிள்ளைகளை 'சொக்கோரா' என்பார்கள். குப்பையைக் கிளறுகிறவன் என்று பொருள். எங்கள் மையத்தில் அந்தச் சொல்லை யாரும் சொல்லக் கூடாது.

ஆப்பிரிக்கா என்றதும் நம்மவர்களுக்கு வெயில்தான் ஞாபகம் வருகிறது. நைரோபி இருப்பது 1,700 மீட்டர் உயரத்தில். ஜூலை இரவுகளில் குளிர் 12 டிகிரிக்கு இறங்கும். சாக்கைப் போர்த்திக்கொண்டு நடைபாதையில் படுக்கும் குழந்தைக்குப் பசை பசியை மறக்கடிக்கிறது, குளிரையும் மறக்கடிக்கிறது. சோறும் போர்வையும் கொடுக்காமல் புட்டியை மட்டும் பிடுங்கினால், மறுநாள் அவன் உங்களைப் பார்த்ததும் ஓடிவிடுவான்.

அந்த ஓட்டத்திலேயே உயிர் போகலாம் என்பது பலருக்குத் தெரியாது. பசை முகர்ந்த நிலையில் பயந்தாலோ, துரத்தப்பட்டு ஓடினாலோ இதயத்துடிப்பு தாறுமாறாகி அந்த இடத்திலேயே விழுந்து சாகிற ஆபத்து உண்டு. ஆகவே துரத்தாதீர்கள், அதட்டாதீர்கள். எங்கள் தெரு ஊழியர் அவர்கள் படுக்கும் இடத்துக்குப் போய், "நியாஜே" (எப்படி இருக்கே) என்று முஷ்டியோடு முஷ்டி தட்டி, பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். அவ்வளவுதான். சில பிள்ளைகள் தங்கள் உண்மைப் பெயரைச் சொல்லவே ஐந்தாறு வாரம் ஆகும்.

இந்த வழி நாங்கள் கண்டுபிடித்தது அல்ல. ஹாலந்திலிருந்து வந்த அருட்தந்தை ஆர்னால்ட் குரோல் 1970களிலேயே நைரோபித் தெருக்களில் பையன்களைத் தேடிப் போனவர். அவர் தொடங்கிய 'உண்டுகு' சங்கத்தின் பெயருக்குச் சுவாஹிலியில் சகோதரத்துவம் என்று அர்த்தம். அவருக்குப் பிறகு எத்தனையோ சபைகள் வந்துவிட்டன. அப்படியும் 2018 கணக்கெடுப்பில் கென்யா முழுக்கத் தெருவில் வாழ்பவர்கள், பெரியவர்களையும் சேர்த்து, 46,639 பேர். நைரோபியில் மட்டும் 15,337.

ஊருக்கு வரும்போதெல்லாம் பங்கில் யாராவது கேட்கிறார்கள்: "சிஸ்டர், அங்கே ஒரு அநாதை இல்லம் கட்ட எவ்வளவு ஆகும்?" அந்த நல்ல மனசுக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். என் அனுபவத்தில் இந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் அநாதைகள் அல்லர். அம்மாவோ பாட்டியோ சித்தியோ எங்கோ இருக்கிறார்கள். குடித்துவிட்டு அடிக்கும் மாற்றாந்தகப்பன், கட்ட முடியாத பள்ளிச் செலவு, காலியான அடுப்பு, இவைதான் பிள்ளையைத் தெருவுக்குத் தள்ளுகின்றன. விடுதி கட்டினால், வீட்டில் இருக்கிற பிள்ளையையும் சோற்றுக்காக அங்கே கொண்டுவந்து விடுவார்கள். கென்ய அரசே 2022ல் பத்தாண்டுத் திட்டம் போட்டு, பிள்ளைகளை இல்லங்களிலிருந்து குடும்பங்களுக்கு மாற்ற முனைந்திருக்கிறது.

கிறிஸ்தவளாக இதையும் சொல்லியாக வேண்டும். காங்கோவின் கின்ஷாசாவில், சில எழுப்புதல் சபைப் போதகர்கள் "இந்தக் குழந்தைக்குள் சூனியம் இருக்கிறது" என்று சொன்னதால் வீட்டைவிட்டு விரட்டப்பட்ட பிள்ளைகள் ஏராளம். அந்நாட்டின் 2006 அரசியலமைப்பே குழந்தைமேல் சூனியப் பழி போடுவதைத் தடை செய்கிறது. அங்கே தெருவிலிருந்து பிள்ளைகளைத் தூக்கி எடுப்பதும் சபைகள்தான். காணிக்கை அனுப்பும் முன் இவற்றைக் கேளுங்கள்: பிள்ளையின் குடும்பத்தைத் தேடுகிறார்களா? வீட்டில் விட்ட பிறகு எத்தனை தடவை போய்ப் பார்க்கிறார்கள்? அழுக்கு முகத்தோடு அவன் படத்தைப் போட்டுத்தான் பணம் திரட்டுகிறார்களா?

அந்தப் பையனும் முதலில் தனக்கு யாருமில்லை என்றுதான் சொன்னான். நான்காவது வாரம், நான் காலிலிருந்த புண்ணுக்குக் கட்டுப் போடும்போது, "டக்டாரி (டாக்டர்), எங்கம்மா தக்காளி விக்கும்" என்றான். முராங்கா பக்கம், மட்டாட்டு என்கிற மினிபஸ்ஸில் இரண்டு மணி நேரம். கொண்டுபோய் விட்டோம். இரண்டே வாரத்தில் தெருவுக்குத் திரும்பிவிட்டான். மறுபடி விட்டோம், மறுபடி வந்தான். மூன்றாம் முறை அவனை அம்மாவின் அண்ணன் வீட்டில் சேர்த்து, பள்ளிச் சீருடை வாங்கிக் கொடுத்தோம். இப்போது மாதம் ஒருமுறை எங்கள் ஊழியர் இரண்டு கிலோ மக்காச்சோள மாவோடு அங்கே போய் ஒரு பகல் இருந்துவிட்டு வருகிறார். போன வாரம் மாமாவே அவனை ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிவந்தார். பொட்டாசியம் 4.1.