சொல் விளக்கம்: சீனியர் மெடிக்கல் ஆபீசர்

மத்திய அரசு மருத்துவப் பணிக்காக டெல்லியில் படிக்கும் தமிழ் மருத்துவர்கள் பலரையும் குழப்பும் பதவிப் பெயர் இது. 'சீனியர் மெடிக்கல் ஆபீசர் தேர்வு எப்போது?' என்று கேட்பவர்கள் உண்டு. மத்திய சுகாதாரப் பணியின் பொது மருத்துவப் பிரிவில் அப்படி ஒரு தேர்வே கிடையாது.

நுழைவாயில் ஒரு படி கீழே, மெடிக்கல் ஆபீசர் பதவியில் இருக்கிறது. யு.பி.எஸ்.சி. நடத்தும் ஒருங்கிணைந்த மருத்துவப் பணித் தேர்வில் 250 மதிப்பெண் வீதம் இரண்டு தாள்கள். அதன்பின் டெல்லி ஷாஜகான் சாலையில் உள்ள யு.பி.எஸ்.சி. அலுவலகமான தோல்பூர் ஹவுஸில் 100 மதிப்பெண்ணுக்கு நேர்காணல். சேர்ந்து 4 ஆண்டு முறையான பணி முடித்தால் சீனியர். சம்பளம் 10-ஆம் நிலையிலிருந்து 11-க்கு, அதாவது தொடக்க அடிப்படை ஊதியம் 56,100-லிருந்து 67,700 ரூபாய்க்கு உயரும். மருத்துவர்களுக்குக் குறித்த காலத்தில் பதவி உயர்வை உறுதி செய்யும், 2008-இல் விரிவாக்கப்பட்ட டி.ஏ.சி.பி. திட்டப்படி இதற்குக் காலியிடம் இருக்க வேண்டியதில்லை. ஒப்பந்தத்தில் வேலை பார்த்த ஆண்டுகள் இந்த 4-இல் சேராது.

உயர்வு தாமதமாவது பெரும்பாலும் ஏ.பி.ஏ.ஆர். என்னும் ஆண்டு மதிப்பீட்டு அறிக்கையால்தான். மேலதிகாரி ஒருவரின் கீழ் 3 மாதமாவது பணியாற்றியிருந்தால்தான் அவர் அறிக்கை எழுத முடியும். ஆண்டு நடுவில் மாற்றலாகிப் போனவர்களுக்கு இங்கேதான் இடைவெளி விழுகிறது. விட்டுப்போன காலத்துக்கு 'அறிக்கை இல்லை' என்ற சான்றைக் கேட்டு வாங்கிக் கோப்பில் அப்போதே சேர்த்துவிட வேண்டும். உயர்வு நேரத்தில் பழைய அதிகாரியைத் தேடி அலைவது பெரும்பாடு.

சொல் மூலம்: 'சீனியர்' லத்தீனில் 'வயதில் மூத்தவர்'. 'ஆபீசர்' என்பதன் வேர் 'ஒஃபிசியும்', கடமை.

தமிழில் 'முதுநிலை மருத்துவ அலுவலர்' என்றும் எழுதுகிறார்கள். முதுநிலை என்றதும் எம்.டி., எம்.எஸ். பட்டம்தான் நினைவுக்கு வரும், எம்.பி.பி.எஸ். மட்டும் படித்தவர் தனக்கில்லை என்று ஒதுங்கிவிடுவார். அதனால் 'மூத்த மருத்துவ அலுவலர்' என்பதே சரி. அலுவல் நல்ல தமிழ்ச்சொல். 'அதிகாரி' வடமொழி வழி வந்தது.

'சீனியர் ரெசிடென்ட்' முற்றிலும் வேறு. அது முதுநிலைப் பட்டம் முடித்தவர்களுக்கு மருத்துவமனைகள் தரும், பொதுவாக 3 ஆண்டுக்கு மேற்படாத தற்காலிகப் பணி. தன்னாட்சி நிறுவனங்கள் சிலவற்றில் மூத்த மருத்துவ அலுவலரை நேரடியாகவும் எடுப்பதுண்டு. அங்கே விளம்பரத்தில் கேட்கும் அனுபவ ஆண்டுகளை எந்தத் தேதி வரை கணக்கிடுகிறார்கள் என்பதை முதலில் பார்க்க வேண்டும்.