தில்லிக் குளிரும் இட்லி மாவும்

ஆர்.கே.புரத்திலோ மயூர் விஹாரிலோ ஜனவரி மாதம் இரவு அரைத்து வைத்த இட்லி மாவு, காலையில் வைத்த மட்டத்திலேயே கிடக்கும். மே மாதத்திலோ அதே அளவு மாவு ஐந்தாறு மணி நேரத்தில் பாத்திரத்தைத் தாண்டி மேடையில் வழிந்திருக்கும்.

மாவைப் பொங்க வைப்பது முக்கியமாக லூகோனாஸ்டாக் மெசென்டிராய்ட்ஸ் என்ற பாக்டீரியா. ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் ஆயிரத்துக்கு மேல் வரிசையாக நிற்கும் அளவுக்குச் சிறியது. உளுந்தில் ஒட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்துவிடுவதால், கரைப்பவரின் கைராசிக்கு இதில் பெரிய பங்கில்லை. மாவிலுள்ள சர்க்கரையைச் சிதைத்து லாக்டிக் அமிலம், கொஞ்சம் ஆல்கஹால், கார்பன் டை ஆக்சைடு மூன்றையும் இது உண்டாக்குகிறது. அமிலம் புளிப்பைத் தருகிறது, வாயு மாவை உப்ப வைக்கிறது. உளுந்தின் புரதமும் வழவழப்பும்தான் அந்த வாயுவைப் பிடித்து வைக்கும் வலை. அரிசியை மட்டும் அரைத்தால் வாயு வந்த வேகத்தில் போய்விடும். அரைத்த உளுந்தில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டால் மிதக்க வேண்டும். மூழ்கினால் இன்னும் அரைபட வேண்டும்.

பாக்டீரியாவுக்குச் சொந்தமாக உடல்சூடு கிடையாது, மாவின் சூடுதான் அதன் சூடு. 28 முதல் 32 டிகிரி வரை மாவுக்கு நல்ல பக்குவம். குளிர்ந்தால் செல்லுக்குள் நொதிகள் மந்தமாகி, ஒன்று இரண்டாகப் பிரிய அதிக நேரமாகும். கணக்குக்கு வைத்துக்கொள்வோம்: மணிக்கு ஒருமுறை இரட்டித்தால் 12 மணி நேரத்தில் ஒன்று 4,096 ஆகும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்றால் வெறும் 64. ஹீட்டர் இல்லாத சமையலறை 15 டிகிரிக்கு இறங்கும் இரவில் மாவு அசையாததற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

பலரும் பாத்திரத்தை ரஜாய் என்ற பஞ்சுப் போர்வையில் சுற்றி வைக்கிறார்கள். ரஜாய் சூட்டைக் காக்குமே தவிர உண்டாக்காது. சில்லென்ற மாவைச் சுற்றினால் அந்தச் சில்லிப்பைத்தான் காக்கும். முதலில் மாவு சூடாக வேண்டும். குளிர்காலத்தில் நான்கு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு முழு உளுந்து போட்டு, வெதுவெதுப்பான நீரில் ஆறு மணி நேரம் ஊறவைத்து, வெதுவெதுப்பான நீர் விட்டே அரைக்கலாம். (கோடையில் நேர்மாறாக ஐஸ் தண்ணீர், மிக்ஸியில் உளுந்து சூடேறி நுரை கெடும்.) பிறகு மூடிய பெட்டியில் மாவுப் பாத்திரத்தையும் பக்கத்தில் ஒரு வெந்நீர் பாட்டிலையும் வைத்து, அதன்மேல் ரஜாயைப் போர்த்தலாம். உப்பு நொதித்தலைக் கொஞ்சம் தாமதப்படுத்தும். அதனால் குளிரில் பொங்கிய பிறகும், கோடையில் அரைத்த கையோடும் போடுவது வசதி.

அவசரப்பட்டுச் சூடான ஓவனுக்குள் வைப்பதுதான் பெரிய தவறு. 40 டிகிரி தாண்டினால் லூகோனாஸ்டாக் ஒடுங்கிவிடும். சூட்டை விரும்பும் வேறு பாக்டீரியாக்கள் அமிலத்தை மட்டும் பெருக்கும். மாவு புளித்திருக்கும், பொங்கியிருக்காது, இட்லி கல்லாகும். சோடா உப்பு வாயுவைத் தந்து கண்ணை ஏமாற்றலாம். ஆனால் அதன் காரத்தன்மை தயமின் என்ற பி1 வைட்டமினை அழிக்கும். தாதுக்களைக் கட்டிப்போடும் பைட்டிக் அமிலத்தை நொதித்தல் குறைக்கிறதே, அந்த லாபமும் சோடாவில் கிடைக்காது.

பழைய மாவு ஒரு கரண்டி சேர்ப்பது நல்ல வழி, ஆனால் எந்த மாவு என்று பார்க்க வேண்டும். நான்கு நாள் புளித்த மாவில் அமிலம் தாங்காமல் லூகோனாஸ்டாக் குறைந்து, மற்றவை மிஞ்சியிருக்கும். பொங்கி முடிந்த அன்றே ஒரு கரண்டி எடுத்து ஃபிரிட்ஜில் தனியே வைத்துவிடுங்கள்.